ஒரே கேபிள், பல தலைகள்: சேலத்துப் பட்டறையில் டார்ச் மாற்றிப் பழகிய அனுபவம்

சேலத்தில் வெல்டிங் பட்டறை நடத்துகிறவனுக்கு நாளைக்கு என்ன வேலை வரும் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. காலையில் மரவள்ளிக் கிழங்கு மில்லிலிருந்து எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் வரும். மதியம் லாரி பாடி கட்டுகிறவர் அலுமினியத் தகட்டை இறக்கிவிட்டுப் போவார். சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து எஸ்டேட் ரைட்டர் போன் பண்ணி, "பல்பர் நின்னுபோச்சுங்க, பறிச்ச பழம் அப்படியே கிடக்குது, காலையில மேல வந்துருங்க" என்பார். காபிப் பழத்தைப் பறித்த அன்றே பல்பரில் போட்டுத் தோலுரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் குவியலிலேயே புளித்துவிடும். அதனால் அந்தப் போனுக்கு "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று பதில் சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும் மெஷின் ஒன்றிரண்டு போதும். ஏசி, டிசி இரண்டும் தரும் 200 ஆம்ப் ஆர்கான் (டிக்) வெல்டிங் மெஷினும், தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்ன இன்வெர்ட்டரும் இருந்தால் மேலே சொன்ன வேலைகளில் பெரும்பாலானதை முடித்துவிடலாம். பற்றாக்குறை, கையில் பிடித்து வெல்டிங் அடிக்கும் டார்ச்சில்தான் வரும். மெஷின் வாங்கும்போது ஆம்ப் எவ்வளவு, சர்வீஸ் எங்கே என்று ஐந்து ரோடு வரைக்கும் அலைந்து விசாரிக்கிறோம். அதோடு அட்டைப்பெட்டியில் வரும் டார்ச்சை மட்டும் எதுவும் கேட்காமல் மாட்டி வருஷக்கணக்கில் ஓட்டுகிறோம். ஜாயிண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பது அந்த டார்ச்தான். ஆர்க் எரியும் டங்ஸ்டன் கம்பியின் முனை சரியான கோணத்தில் அங்கே போய்ச் சேரவில்லை என்றால் விலை உயர்ந்த மெஷினாலும் ஒன்றும் செய்ய முடியாது. தலையைக் கழற்றி மாற்றக்கூடிய டார்ச்சுக்கு எங்கள் பட்டறை மாறியதற்கு இதுதான் காரணம்.

இந்த வகை டார்ச்சில் கேபிளும் கைப்பிடியும் நிரந்தரம். கழுத்தோடு சேர்ந்த தலை மட்டும் தனியாக வரும். சிலவற்றில் மரை சுற்றிக் கழற்ற வேண்டும், சிலவற்றில் அழுத்தித் திருப்பினால் போதும். சில கம்பெனிகள் கைப்பிடியில் உள்ள சுவிட்சையும் மாற்றுகிற மாதிரி செய்கின்றன. சாதாரண பொத்தானை எடுத்துவிட்டு, ஆம்ப்பைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் வைத்த பொத்தானைப் போட்டுக்கொள்ளலாம். கால் பெடல் வைக்க இடமில்லாத தொட்டிக்குள் வேலை செய்யும்போது அந்தச் சக்கரம் பெரிய உதவி.

எந்தத் தலை எதற்கு என்பதைப் புதிதாக வருகிற பையன்களுக்கு எண்ணை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். 9, 17, 26 மூன்றும் காற்றிலேயே ஆறுபவை. 20, 18 இரண்டும் தண்ணீர் ஓடிக் குளிர்பவை. பொதுவாக 9-க்கு 125 ஆம்ப், 17-க்கு 150, 26-க்கு 200, 20-க்கு 250, 18-க்கு 350 என்று போட்டிருப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது கொஞ்சம் மாறும். அந்த எண்ணோடு டூட்டி சைக்கிள் சதவீதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 35 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம்தான் அந்த ஆம்ப்பில் ஓட்டலாம். ஏசி-யில் அலுமினியம் அடிக்கும்போது அதே தலை தாங்கும் ஆம்ப் டிசி-யைவிடக் குறைவு. "150-ன்னு போட்டிருக்குதுங்களே அண்ணா" என்று அலுமினியத்தில் முழு ஆம்ப் வைத்து ஓட்டினால் கைப்பிடி சுடத் தொடங்கிவிடும்.

தலை வாங்குவதற்கு முன்னால் உள்ளே போகும் சாமான்களின் உறவைத் தெரிந்துகொள்வது நல்லது. 9-க்கும் 20-க்கும் டங்ஸ்டனைக் கவ்விப் பிடிக்கும் கோலெட், அது உட்காரும் கோலெட் பாடி, முன்னால் கேஸை இறக்கும் கப் எல்லாம் ஒன்றே. 17, 18, 26 மூன்றும் இன்னொரு குடும்பம், அவற்றுக்குள் எல்லாம் பொருந்தும். பெரிய குடும்பத்துத் தலையில் சின்னக் குடும்பத்துக் கப்பை மாட்டுவதற்கென்றே குட்டை கோலெட் பாடியும் அதற்குரிய இன்சுலேட்டர் வளையமும் தனி செட்டாகக் கிடைக்கின்றன. அந்த ஒரு செட் வந்த பிறகு எங்கள் அலமாரியில் இருந்த டப்பாக்கள் பாதியாகக் குறைந்தன. 17 தலையே முன்பக்கம் குட்டையாகி, 9 போகிற இடத்துக்குக் கிட்டத்தட்டப் போய்விடுகிறது. தலைகளை வெவ்வேறு குடும்பத்தில் கலந்து வாங்கிவிட்டால், சனிக்கிழமை சாயங்காலம் 1.6 மில்லிமீட்டர் கோலெட் கையில் இருந்தும் மாட்ட முடியாத நிலை வரும்.

இதன் பலன் முழுதாகத் தெரிவது கிழங்கு மில் வேலையில். உருக்காலை இருக்கிற ஊர் இது, எஸ்.எஸ். வேலை நமக்குப் புதிதில்லை. மில்லில் பைப் போட்டவர்களோ பின்னால் ஒருவன் வந்து அதை வெல்டிங் அடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போடுவதில்லை. மாவுப்பால் போகும் இரண்டு அங்குல லைன் சுவரை ஒட்டி வந்து, எல்போ போட்டு, தொட்டிக்கு அடியில் திரும்பும். பைப்புக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைப்பதே சிரமம். டங்ஸ்டனின் பின்பக்கத்தை மூடும் நீளமான பேக் கேப் போட்ட சாதாரண 17 தலை கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம் நிற்கும். அது உள்ளே திரும்பவே திரும்பாது. கட்டை விரல் அளவுள்ள குட்டை கேப்பையும், முன்னால் அந்தக் குட்டை செட்டையும், கழுத்து வளைகிற தலையையும் சேர்த்தால் அதே இடத்தில் டங்ஸ்டன் ஜாயிண்டுக்கு நேராக வந்து நிற்கும். பைப்பின் முன்பாதியை வழக்கமான தலையில் முடித்துவிட்டு, பின்பாதிக்கு மட்டும் தலையை மாற்றிக்கொள்கிறோம். கேபிளைக் கழற்றுவதில்லை, கேஸ் லைனைத் தொடுவதில்லை. தொட்டிக்கு அடியில் படுத்திருப்பவர் கையை நீட்டினால் ஹெல்பர் அடுத்த தலையைக் கொடுப்பான்.

குட்டை கேப் போடும்போது டங்ஸ்டனைத் துண்டாக்க வேண்டும். பிளையரால் ஒடித்தால் நீளவாக்கில் விரிசல் ஓடும். அந்த விரிசலோடு ஆர்க் அடித்தால் நெருப்பு ஒரு பக்கமாக இழுக்கும். டைமண்ட் டிஸ்க்கில் அறுப்பது நல்லது. இல்லையென்றால் சுற்றிலும் ஒரு கோடு போட்டுவிட்டு ஒடிக்கலாம். கூர் சீவும்போது கோடுகள் டங்ஸ்டனின் நீளவாக்கில் போக வேண்டும். சிவப்பு முனை டங்ஸ்டனில் தோரியம் இருக்கிறது, அதைச் சீவும் தூசி மூச்சுக்குள் போகக்கூடாது. அதனால் நாங்கள் லாந்தனம் கலந்ததற்கு மாறிவிட்டோம், டிசி-க்கும் ஏசி-க்கும் அது ஒன்றே போதும்.

வளையும் கழுத்துக்கு ஒரு ஆயுள் உண்டு. உள்ளே இருப்பது செம்புக் குழாய். வளைத்து நிமிர்த்தி, மறுபடி வளைத்துக்கொண்டே இருந்தால் செம்பு இறுகிப்போய் ஒருநாள் வெடிப்பு விடும். ஜாயிண்டில் அழுத்தி வளைக்காமல், வெளியே வைத்து இரண்டு கையாலும் ஒரே தடவையில் கோணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். முழு டார்ச்சாக இருந்தால் அந்த வெடிப்புக்காகக் கேபிளோடு சேர்த்துத் தூக்கிப் போட வேண்டிவரும். இதில் தலை மட்டும்தான் போகும்.

சாதாரண கோலெட் பாடிக்குப் பதிலாகப் போடும் கேஸ் லென்ஸ் பற்றி நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். சாதாரண கோலெட் பாடியில் டங்ஸ்டன் வெளியே நீட்டும் நீளம் கப்பின் உள்விட்டத்தைத் தாண்டினால் ஆர்கான் ஜாயிண்டைக் காற்று படாமல் மூடாது. கப்பின் எண் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு. 8-ஆம் எண் கப் என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். கேஸ் லென்ஸில் உள்ள சல்லடை ஆர்கானைக் கலங்காமல் நேராக இறக்குவதால் டங்ஸ்டனை இன்னும் நீட்டலாம். இரண்டு பைப் சேரும் இடுக்கில் கப் உள்ளே நுழையாதபோது இந்தக் கூடுதல் நீளம்தான் ஜாயிண்டைக் காப்பாற்றுகிறது. மாவு லைனில் வெல்டிங் நீலமும் கறுப்புமாக நிறம் மாறினால் அங்கே குரோமியம் குறைந்து, பின்னால் துரு பிடிக்கும். வைக்கோல் நிறத்துக்குள் நிற்க வேண்டும். பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விட்டுத்தான் அடிக்க வேண்டும். வெளியே பளபளவென்று இருந்து, உள்ளே கரடுமுரடாகக் கருகிக் கிடக்கும் ஜாயிண்டில் மாவு தங்கிப் புளிக்கும். மில்காரருக்கு அது தினசரித் தலைவலி.

கழற்றி மாற்றும் டார்ச்சின் உயிர், தலையும் கைப்பிடியும் சேரும் இணைப்பில் இருக்கிறது. அங்கே கரண்டும் போகிறது, ஆர்கானும் போகிறது, தொடாமலே பொறியால் ஆர்க் எடுக்கும் ஹெச்எஃப் ஸ்டார்ட் இருந்தால் பல ஆயிரம் வோல்ட்டும் போகிறது. மூன்றில் எது தடுமாறினாலும் வெல்டிங்கில் காட்டும்.

முதலில் கரண்ட். இணைப்பில் ஒரு மில்லிஓம் தடை இருந்தாலே 150 ஆம்ப்பில் 22 வாட்டுக்கு மேல் அங்கே சூடாக மாறும். 200 ஆம்ப்பில் 40 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றைக் கைப்பிடிக்குள் வைத்திருப்பதற்குச் சமம் அது. அந்தச் சூடு பக்கத்தில் கேஸை அடைத்து நிற்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை விறைக்க வைக்கும். ஓ-ரிங் விறைத்தால் கேஸ் கசியும். ஆகவே தலையைக் கழற்றும்போதெல்லாம் இணைப்பின் இரண்டு முகத்தையும் பஞ்சு வராத துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். அரைகுறையாக இறுக்கிவிட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஆர்க் அடிக்க எங்கள் பட்டறையில் யாருக்கும் அனுமதி இல்லை.

அடுத்தது ஆர்கான். மெஷின் பக்கத்து ரெகுலேட்டரில் அளவு காட்டும் குண்டு எட்டில் நிற்பதால் கப்பிலும் எட்டு லிட்டர் வருகிறது என்று அர்த்தமில்லை. கப் முனையில் வைத்துப் பார்க்கும் விரல் நீள ஃப்ளோமீட்டர் ஒன்று விலைக்குக் கிடைக்கிறது. தலை மாற்றியதும் அதைக் கப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே எட்டு, இங்கே ஆறு என்றால் வழியில் இரண்டு லிட்டர் காணாமல் போகிறது. அந்தக் கசிவு வழியாகக் காற்றும் உள்ளே இழுபடும். ஜாயிண்ட் சாம்பல் பூத்து, பின்ஹோல் (ஊசித்துளை) விழுந்து, வெல்டர் ராடையும் தகட்டையும் குறை சொல்லிக்கொண்டு நிற்பார். சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் எந்த வளையம் என்று தெரிந்துவிடும். இணைப்பு நன்றாக இருந்தால் பேக் கேப்பில் உள்ள ஓ-ரிங்கைப் பார்க்க வேண்டும். பலரும் மறக்கிற இடம் அது.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஆர்க்கை நிறுத்தியபின் டங்ஸ்டன் வெள்ளியாகவே இருந்தால் சரி. நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் ஒன்று கசிவு, அல்லது நிறுத்திய பின் வரும் கேஸ் போதவில்லை. 10 ஆம்ப்புக்கு ஒரு விநாடி என்ற கணக்கில், 120 ஆம்ப்பில் அடித்தால் 12 விநாடி கேஸ் வர வேண்டும். அதுவரை டார்ச்சை ஜாயிண்டின் மேலேயே பிடித்திருக்க வேண்டும். ஆர்க் அணைந்ததும் டார்ச்சை வெடுக்கென்று தூக்குவது கையோடு வந்த பழக்கம். அதைப் பையன்களிடம் மாற்றத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

ஹெச்எஃப் வழி தேடி ஓடும். இணைப்பு வளையத்தில் இன்சுலேஷன் உடைந்திருந்தாலோ ஈரம் கோத்திருந்தாலோ பொறி டங்ஸ்டன் முனையில் வராமல் கழுத்திலேயே தாவும், சில நேரம் கையுறை வழியாகச் சுருக்கென்று அடிக்கும். தலை மாற்றும்போது மெஷினை அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். பொத்தான் தவறி அமுங்கினால் என்ன ஆகும் என்பதை யாரும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஏற்காட்டு வேலைக்குக் கணக்கே வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். பெரிய சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போவதில்லை. 10 லிட்டர் சிலிண்டர் 150 பாரில் நிரப்பினால் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆர்கான் தரும். நிமிடத்துக்கு எட்டு லிட்டர் என்றால் ஆர்க் நேரம் மூன்று மணி. இணைப்பில் இரண்டு லிட்டர் கசிந்தால் அதில் அரை மணி நேரம் போய்விடும். கீழே பட்டறையில் அந்தக் கசிவைத் தாங்கிக்கொள்ளலாம். மேலே சிலிண்டர் தீர்ந்தால் அன்றைய வேலை தீர்ந்தது. அதனால் கப்பில் வைத்துப் பார்க்கும் அந்தக் குட்டி ஃப்ளோமீட்டர் மலைப் பெட்டியில் நிரந்தரமாக இருக்கும். சிலிண்டருக்கு மூடி போட்டு, வண்டியில் அசையாமல் கட்டித்தான் வளைவு ஏற வேண்டும்.

ஜெனரேட்டரும் மேலே போனால் இளைக்கும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் மூன்று நாலு சதவீதம் சக்தி இழக்கும். ஏற்காட்டு உயரத்தில் 15 சதவீதத்துக்கு மேல் போய்விடும். கீழே சரியாகத் தாங்கிய ஜெனரேட்டர் மேலே இன்வெர்ட்டரைத் திணறவைப்பது இதனால்தான். ஒரு சைஸ் பெரியதாகக் கொண்டுபோங்கள்.

மலைக்கு நான் எடுத்துப்போவது வால்வு வைத்த 17 தலை. சின்ன இன்வெர்ட்டர்கள் பலவற்றில் கேஸைத் தானாகத் திறந்து மூடும் சோலனாய்டு கிடையாது. ஆர்கான் ரெகுலேட்டரிலிருந்து நேராக டார்ச்சுக்கு வரும், தலையில் உள்ள குமிழைத் திருகித் திறக்க வேண்டும். கேபிளும் கைப்பிடியும் பட்டறையில் இருப்பதே. தலையையும் பின்பக்கப் பிளக் அடாப்டரையும் மட்டும் மாற்றிக்கொள்கிறோம். டார்ச்சை நெகட்டிவில் போட்டு, டங்ஸ்டனைத் தொட்டுத் தூக்கி ஆர்க் எடுக்கிறோம். ஹெச்எஃப் இல்லாததால் பனி ஈரத்தில் பொறி தாவும் தொல்லையும் இல்லை. பல்பர் பழுதாகும் மாதங்களில்தான் மலையில் மூடுபனியும் காற்றும் அதிகம். பழம் கழுவும் தொட்டி பெரும்பாலும் திறந்த கொட்டகையில் இருக்கும். காற்று ஆர்கானைத் தள்ளிக்கொண்டு போகும். கேஸைக் கூட்டி வைத்தால் சரியாகாது, கூடுதல் வேகத்தில் அது கலங்கிக் காற்றையும் சேர்த்து இழுக்கும். தார்ப்பாய் கட்டி மறைப்பதும், கேஸ் லென்ஸ் போட்டுப் பெரிய கப் மாட்டுவதும்தான் வழி. ஜாயிண்டை முதலில் துடைத்து, லேசாகச் சூடு காட்டி ஈரத்தைப் போக்க வேண்டும்.

மேலே எல்லாவற்றுக்கும் ஆர்கான் தேவையில்லை. பல்பரின் வார்ப்பிரும்பு உடம்பு வெடித்தால் நிக்கல் ராடுதான், சாதாரண ஹோல்டர்தான். நாகம் பூசிய ஜி.ஐ. தண்ணீர் லைனுக்கும் ராடே சரி. ஆர்கானில் அடித்தால் நாகப் பூச்சு ஆவியாகி டங்ஸ்டனைக் கெடுத்துவிடும். எப்படி அடித்தாலும் பூச்சை முதலில் தேய்த்தெடுக்க வேண்டும். அந்தப் புகை ராத்திரி குளிரும் காய்ச்சலுமாகப் படுக்கவைக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று நம் பட்டறைகளில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். அதை நம்பி மாஸ்க் இல்லாமல் யாரும் இறங்காதீர்கள்.

சிஓடூ வெல்டிங் டார்ச்சிலும் கழுத்து மாற்றும் வசதி வந்துவிட்டது. லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு மேல்நோக்கி அடிப்பவருக்குக் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொள்ள முடிந்தால் மணிக்கட்டு தப்பிக்கும். எங்கள் மூத்த வெல்டர் அண்ணன் சேஸிஸ் வேலை முடித்து எழுந்தால் டம்ளரைப் பிடிக்கவே கஷ்டப்படுவார். திரும்பும் கழுத்து வந்த பிறகு, "இதை முன்னாடியே வாங்கியிருக்கலாம் தம்பி" என்றார். இந்த டார்ச்சில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேலே எழுதியிருக்கும் ஆம்ப் பெரும்பாலும் சுத்த சிஓடூ-வுக்கு. 180 ஆம்ப் போட்ட டார்ச் ஆர்கான் கலந்த கேஸில் 150-தான் தாங்கும். கழுத்து மாற்றும்போது உள்ளே வெல்டிங் கம்பி ஓடும் குழாயான லைனரின் நீளமும் பொருந்த வேண்டும். குட்டையாகிவிட்டால் கம்பி இடையில் சிக்கி மடியும்.

எல்லாப் பட்டறைக்கும் இது தேவை என்று நான் சொல்லவில்லை. தினமும் ஒரே கேட், ஒரே கிரில் அடிப்பவருக்கு இணைப்பே இல்லாத முழு டார்ச்தான் நல்லது. கசிய இடமில்லை, விலையும் குறைவு. தண்ணீரில் குளிரும் வகையில் தலை மாற்றுவதானால், கழற்றியதும் தானே அடைத்துக்கொள்ளும் கப்ளிங் இருக்கிறதா என்று கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் தண்ணீர் இணைப்புக்குள் இறங்கும், அடுத்த ஜாயிண்ட் முழுக்கப் பின்ஹோல்தான்.

புதிதாக வாங்குபவர் முதலில் ஒரு கைப்பிடி, சாதாரண 17 தலை, வளையும் 17 தலை, இரண்டு நீளத்தில் பேக் கேப், 1.6-க்கும் 2.4-க்கும் கேஸ் லென்ஸ், குட்டை செட் ஒன்று, ஓ-ரிங் பத்துப் பதினைந்து வாங்கினால் போதும். அலுமினியம் நிறைய வந்தால் 26 தலையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கைப்பிடியிலிருந்து முதல் ஒரு மீட்டர் கேபிள் மெத்தென்று வளைகிறதா என்று கையில் பிடித்துப் பாருங்கள், நாள் முழுக்க மணிக்கட்டு இழுப்பது அதைத்தான். பிளக் சைஸ் உங்கள் மெஷினோடு சேருகிறதா என்பதையும், அந்தக் கம்பெனியின் தலையும் ஓ-ரிங்கும் சேலத்திலேயே தனியாகக் கிடைக்கின்றனவா என்பதையும் பில் போடுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். தனித் தலை கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்று கடைக்காரர் சொன்னால், டார்ச் வாங்கும் அன்றே கூடுதலாக ஒரு தலையையும் சேர்த்து வாங்கி வையுங்கள்.